ஜெர்மனி: கைத்திறனால் எழுந்த நாடு, காற்றுள்ளபோது தூற்ற மறந்த நாடு



தைப்பூசம் என்றதும் தண்ணீர்மலை நினைவுக்கு வராத பினாங்குத் தமிழர் இருக்க முடியாது. நகரத்தார்களின் வெள்ளி ரதம், தெருவெங்கும் உடைபடும் தேங்காய், மலைப்படிகளில் ஏறும் காவடி எல்லாம் நமக்குப் பழகியவை. ஆனால் இதே போன்ற ஒரு தேரோட்டம் ஜெர்மனி நாட்டிலும் ஆண்டுதோறும் நடக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ஹாம் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. அந்தக் கோயில் நிற்பது ஒரு தொழிற்பேட்டையில். சுற்றிலும் தொழிற்கூடங்கள், நடுவில் இராஜகோபுரம். தேர்த் திருவிழாவின்போது ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். போர் துரத்த, வெறுங்கையோடு போய் இறங்கிய மக்கள் ஓட்டல்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து, கோபுரம் எழுப்பும் அளவுக்கு அந்த நாட்டில் வேரூன்றிவிட்டார்கள்.

நம் மக்கள் அந்த நாட்டின் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். அதே நாட்டின் தொழிற்சாலைகள் தேடி வந்த ஊர் நம்முடைய பினாங்கு. பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலத்தில் போஷ் நிறுவனமும் பி. பிரவுன் நிறுவனமும் 1972ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றன. பாலத்தைக் கடந்து கெடாவுக்குள் நுழைந்தால் கூலிமில் இன்பினியன் நிற்கிறது. ஆகவே ஜெர்மனியின் பொருளாதாரம் நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. அங்கே கார் விற்பனை சரிந்தால், இங்கே ஓர் ஆலையில் கூடுதல் நேர வேலை குறையக்கூடும். அந்தக் குடும்பத்தின் மாதச் செலவும் சுருங்கும். எனவே அந்த நாடு எதனால் உயர்ந்தது, இப்போது எதனால் தடுமாறுகிறது என்பதை இன்றைய அரங்கத்தில் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இடிபாட்டிலிருந்து எழுந்த கதை

இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டு முடிந்தபோது ஜெர்மனியின் பெருநகரங்கள் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன. பணத்துக்கு மதிப்பில்லை. சிகரெட்டைக் கொடுத்து ரொட்டி வாங்கினார்கள். மேற்கு ஜெர்மனியில் 1948ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பழைய பணத்தை ஒழித்து, டாய்ச் மார்க் என்ற புதிய நாணயத்தைக் கொண்டு வந்தார்கள். முதல் தவணையாக ஆளுக்கு 40 மார்க். அதே நேரத்தில் லுட்விக் எர்ஹார்ட் என்ற பொருளாதார நிர்வாகி பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கினார். பதுக்கி வைத்திருந்த சரக்கு மறுநாளே கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் வந்து அமர்ந்தது. பின்னாளில் எர்ஹார்ட் நாட்டின் பிரதமராகவும் ஆனார்.

அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியால்தான் ஜெர்மனி எழுந்தது என்று சொல்வோர் உண்டு. உதவி வந்தது உண்மைதான். அதன் அளவு சுமார் 140 கோடி டாலர். ஆனால் பிரிட்டனுக்கு அதைவிட இரு மடங்குக்கு மேல் கிடைத்தது. 1953ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையில் ஜெர்மனியின் வெளிக்கடனில் ஏறத்தாழ பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். அதுவும் பெரிய உதவியே. இருந்தாலும், பணம் வந்த நாடுகள் எல்லாம் ஜெர்மனி ஆகிவிடவில்லை. வந்த பணத்தை வேலையாக மாற்றத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. கட்டடங்கள் இடிந்தபோதும் தொழில் தெரிந்த மக்கள் இருந்தார்கள்.

பினாங்குக்கும் இப்படியொரு நெருக்கடி வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1969ஆம் ஆண்டு தீவின் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. வணிகம் படுத்தது. வேலையில்லாதோர் விகிதம் 15 விழுக்காட்டை ஒட்டிச் சென்றது. அந்த ஆண்டுதான் டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சர் ஆனார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. நெல்வயலும் கம்பமுமாக இருந்த பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக மண்டலம் திறக்கப்பட்டது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்று அழைக்கிறார்கள். அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்களே நிறைந்திருந்த அந்தப் பட்டியலில் ஜெர்மனியின் போஷும் இருந்தது.

சிற்றூரில் இருந்து உலகச் சந்தைக்கு

ஜெர்மனியின் முதல் பலம் அதன் நடுத்தர நிறுவனங்கள். பென்ஸ், பி.எம்.டபிள்யூ., சீமென்ஸ் என்ற பெரிய பெயர்களே நமக்குத் தெரியும். ஆனால் அந்நாட்டில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சிறிய, நடுத்தர நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, ஒரே ஒரு பொருளைச் செய்து, அந்தப் பொருளில் உலகின் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் நிற்பவை அவற்றில் பல. திருகாணி செய்பவர், குழாய் வால்வு செய்பவர், தொழிற்சாலைக்கு வேண்டிய இயந்திரத்தையே செய்து கொடுப்பவர் எனப் பலர் உண்டு. கடைத்தெருவில் அவர்கள் பெயர் கண்ணில் படாது. ஆனால் அவர்கள் கொடுக்கும் பொருள் இல்லாமல் பல நாடுகளில் ஆலை ஓடாது.

நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. மருத்துவமனையில் படுத்தவர்கள், கையில் ஏற்றிய ஊசிக்குழலில் பி. பிரவுன் என்ற பெயரைப் பார்த்திருக்கலாம். 1839ஆம் ஆண்டு தொடங்கிய அந்தக் குடும்ப நிறுவனத்தின் தலைமையகம் மெல்சுங்கன் என்ற ஊரில் உள்ளது. அந்த ஊரின் மக்கள்தொகை பதினைந்தாயிரம்கூட இல்லை. அந்தச் சிறிய ஊரிலிருந்து ஒரு நிறுவனம் பாயான் லெப்பாஸுக்கு வந்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கேயே நிலைத்திருக்கிறது. அடுத்த மூன்று மாதக் கணக்கைப் பார்த்துப் பதறாமல், அடுத்த தலைமுறையைப் பார்த்துத் தொழில் செய்வது குடும்ப நிறுவனங்களின் குணம்.

போஷின் கதையும் சுவையானது. அதைத் தொடங்கிய ராபர்ட் போஷ், ஊல்ம் நகருக்கு அருகே ஒரு விடுதிக்காரரின் பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது பிள்ளை. பட்டதாரி அல்லர். ஒரு பட்டறையில் நுண்கருவித் தொழில் பயின்றவர். 1886ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரில் சிறிய பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1906ஆம் ஆண்டிலேயே தம் ஆலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டு வந்தார். இன்று அந்த நிறுவனத்தின் பங்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஓர் அறநிறுவனத்தின் கையில் இருக்கிறது.

பெட்டியடிப் பையனும் ஜெர்மன் பயிற்சியாளரும்

இரண்டாவது பலம் தொழிற்பயிற்சி. நமக்கு மிகவும் வேண்டியது இதுதான்.

ஜெர்மனியில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு மாணவர், பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பயிற்சியில் சேரலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆலையில் வேலை. ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் பாடம். இரண்டு ஆண்டிலிருந்து மூன்றரை ஆண்டு வரை இது நீடிக்கும். பயிற்சிக் காலத்திலேயே மாதப்படி உண்டு. மின்பணியாளர், ரொட்டி சுடுபவர், வங்கி எழுத்தர், இயந்திர வல்லுநர் என 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இந்த ஏற்பாடு இருக்கிறது. தேர்வைத் தொழில் வணிகச் சங்கம் நடத்துகிறது. எனவே ஓர் ஊரில் பெற்ற சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.

அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. தொழிலில் முதிர்ந்தவர் 'மைஸ்டர்' தேர்வு எழுதலாம். அந்தத் தகுதியை இளங்கலைப் பட்டத்துக்கு நிகரான நிலையில் அந்நாடு வைத்திருக்கிறது. கை வேலை செய்பவர் பட்டதாரிக்குக் கீழே என்ற எண்ணத்தை அது வாயால் மறுத்ததோடு நிற்கவில்லை. தகுதிப் பட்டியலிலேயே மாற்றி எழுதியிருக்கிறது.

இது தமிழருக்குப் புதிய முறையா என்றால், இல்லை. பினாங்கு வீதியில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார்கள் தங்கள் பிள்ளைகளை எப்படித் தொழிலுக்குப் பழக்கினார்கள்? சிறு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்த்தார்கள். பெருக்குவது, கணக்கெழுதுவது, வசூலுக்குப் போவது என்று படிப்படியாகப் பழகினான். பிறகு அடுத்தாள் ஆனான். அதன்பின் கடையையே நடத்தும் மேலாள் ஆனான். கீழிருந்து மேலே போகும் படிகள் தெளிவாக இருந்தன. கடல் கடந்து வந்து பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் கொடிகட்டிப் பறந்ததற்கு முதல் மட்டும் காரணம் அன்று. அந்தப் பழக்கமும் காரணம்.

ஆனால் இன்று நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை டாக்டருக்கோ வழக்கறிஞருக்கோ போக வேண்டும். தேர்ச்சி குறைந்த பிள்ளைதான் தொழிற்பயிற்சிக்கு. அதையும் அக்கம்பக்கத்தில் வாய் திறந்து சொல்ல மாட்டோம். இடையில் நின்றுவிட்ட பிள்ளை லாரி உதவியாளராகவோ காவல்காரராகவோ போய்விடுகிறது. நாற்பது வயதிலும் அதே சம்பளம். வேலை இருக்கிறது, ஏறிப் போகப் படி இல்லை.

பினாங்கில் திறன் மேம்பாட்டு மையம் 1989ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நாட்டிலேயே முன்னோடியான மையம் அது. தொழிற்சாலைகளும் மாநில அரசும் கல்வித் துறையும் சேர்ந்து தொடங்கியது. ஜெர்மன் முறையிலான இரட்டைப் பயிற்சியும் அங்கே வந்திருக்கிறது. பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மேசையில் தொழிலாளிக்கும் ஓர் இடம்

மூன்றாவது பலம், முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்வது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு உரியது. ஆலை மூடுவதா, சம்பளத்தைக் குறைப்பதா என்ற பேச்சு வரும்போது தொழிலாளர் பிரதிநிதி அங்கே உட்கார்ந்திருப்பார். கணக்கும் அவர் கண்முன் இருக்கும்.

நெருக்கடி வந்தால் ஆளை நிறுத்தாமல் வேலை நேரத்தைக் குறைக்கும் முறையும் அங்கே உண்டு. இழந்த சம்பளத்தில் ஒரு பெரும் பகுதியை அரசு காப்புறுதி நிதியிலிருந்து கொடுக்கும். கோவிட் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சுமார் 60 இலட்சம் பேர் இந்த ஏற்பாட்டில் இருந்தார்கள். தொற்று தணிந்ததும் பழகிய தொழிலாளி அதே இயந்திரத்துக்குத் திரும்பினார். புதிய ஆளைத் தேடிப் பழக்க வேண்டிய செலவும் இல்லை.

இத்தனை பலத்தோடு இருந்ததால்தான், சுமார் எட்டரைக் கோடி மக்கள் மட்டுமே உள்ள அந்த நாடு, 2023ஆம் ஆண்டு ஜப்பானையும் தாண்டி உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரம் ஆனது. ஆனால் அதே 2023ஆம் ஆண்டிலும், அடுத்து 2024ஆம் ஆண்டிலும் அந்தப் பொருளாதாரம் வளரவில்லை, சுருங்கியது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பத்து ஆண்டுகளில் முதன்முறையாக, வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 இலட்சத்தைத் தாண்டியது. பட்டியலில் ஏறிய அதே காலத்தில் உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது எப்படி?

ஒரே குழாய், ஒரே பொருள், ஒரே வாடிக்கையாளர்

ஜெர்மனியின் சவாலைச் சுருக்கமாகச் சொன்னால், வசதியான காலத்தில் அது மூன்று பழக்கங்களுக்கு அடிமையாகிவிட்டது.

முதலாவது, மலிவான ரஷ்ய எரிவாயு. 2021ஆம் ஆண்டு ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. கடலடிக் குழாய் வழியே நேராக வீட்டு வாசலுக்கு வந்த எரிவாயு. இரும்பு, கண்ணாடி, இரசாயனம் எல்லாம் அதை நம்பித்தான் இயங்கின. 2022ஆம் ஆண்டு உக்ரேன் போர் மூண்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் கடலடிக் குழாய் வறண்டது. விலை எகிறியது. கையில் இருந்த கடைசி மூன்று அணுமின் நிலையங்களையும் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மூடினார்கள். திரவ எரிவாயு இறக்கும் துறையை ஓராண்டுக்குள் கட்டி முடித்து, காற்றாலையிலும் சூரிய ஒளியிலும் வேகம் காட்டி, நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க வழியில் வரும் நிலையை எட்டிவிட்டார்கள். அது பாராட்டத்தக்கதே. என்றாலும் பழைய மலிவு விலை திரும்பவில்லை.

இதைக் கேட்டு நாம் தலையாட்டிவிட்டுப் போய்விட முடியாது. அருவி இருந்ததால் தண்ணீர்மலை என்று பெயர் பெற்ற ஊர் நம்முடையது. ஆனால் இன்று பினாங்கு மாநிலம் குடிக்கும் நீரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவில் பிறந்து வருகிறது. அந்த நீரைப் பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே நடக்கும் வாக்குவாதம் நாளேடு படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். தண்ணீர் இல்லாமல் சில்லு ஆலை ஒரு நாளும் இயங்காது. ஒரே குழாயை நம்புவது ஜெர்மனியின் தவறு மட்டும் அன்று.

இரண்டாவது, கார். பெட்ரோல், டீசல் இயந்திரத்தைச் செய்வதில் ஜெர்மனியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் உலகம் மின்சாரக் காருக்குத் திரும்பியபோது, அந்தத் திறமையே காலைப் பிடித்து இழுத்தது. மின்சாரக் காரில் நுட்பம் மின்கலத்திலும் மென்பொருளிலும் இருக்கிறது. அந்த இரண்டிலும் சீனா முந்திக்கொண்டது.

மூன்றாவது, அதே சீனா. 2016 முதல் 2023 வரை ஜெர்மனியின் மிகப்பெரிய வணிகப் பங்காளி சீனாதான். ஜெர்மன் கார்களையும் இயந்திரங்களையும் வாங்கிக் குவித்த அந்த வாடிக்கையாளர், வாங்கிய இயந்திரத்தைக் கொண்டே தாமும் செய்யக் கற்றுக்கொண்டார். 2023ஆம் ஆண்டு சீனச் சந்தையில் போல்க்ஸ்வேகனைப் பின்னுக்குத் தள்ளி பி.ஒய்.டி. முதலிடம் பிடித்தது. இன்று பினாங்குச் சாலைகளிலும் அந்தக் காரைப் பார்க்கிறோம். போதாக்குறைக்கு 2025ஆம் ஆண்டு அமெரிக்கா, ஐரோப்பியப் பொருள்களுக்கு 15 விழுக்காடு வரி போட்டது.

விளைவு என்ன? போல்க்ஸ்வேகன் நிறுவனம் 2030ஆம் ஆண்டுக்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகளைக் குறைப்பதாக 2024ஆம் ஆண்டு டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு கண்டது. கட்டாய ஆள்குறைப்பு இல்லாமல், ஓய்வு பெறுவோர் இடத்தை நிரப்பாமல் விடுவது போன்ற வழிகளில் செய்வது என்பது பேச்சு. மேசையில் இடம் இருந்ததால் கிடைத்த சலுகை அது. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் போஷும் மேலும் 13,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் ஜெர்மனியில் உள்ள கார் உதிரிபாகப் பிரிவில்.

விரிசல் விட்ட பாலம்

ஜெர்மனியின் நிலையைப் புரிந்துகொள்ள ஒரு பாலத்தின் கதை போதும். லூடன்ஷைட் என்ற நகரத்தின் அருகே ரமேடே பள்ளத்தாக்கின் மேல் 1960களில் கட்டிய நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று இருந்தது. சுற்றிலும், முன்பு சொன்ன நடுத்தர நிறுவனங்கள் நிறைந்த வட்டாரம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாலத்தில் சேதம் கண்டு அவசரமாக மூடினார்கள். 2023ஆம் ஆண்டு மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். புதுப் பாலம் எழும்ப ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. அதுவரை கனரக லாரிகள் எல்லாம் ஊருக்குள் புகுந்து ஊர்ந்தன. சரக்கு தாமதப்பட்டது. வேலைக்கு வருபவர்கள் சாலையிலேயே காத்துக் கிடந்தார்கள். பினாங்குப் பாலம் ஒரு மாதம் மூடினால் பட்டவொர்த்திலிருந்து வேலைக்கு வருவோர் என்ன பாடுபடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அது ஒரு பாலம் மட்டும் அன்று. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தில் ஒரு பகுதி விடியற்காலையில் ஆற்றில் விழுந்தது. நல்ல வேளையாக யாருக்கும் பாதிப்பில்லை. 2024ஆம் ஆண்டு நெடுந்தூர ரயில்களில் ஏறத்தாழ 62 விழுக்காடு மட்டுமே நேரத்துக்கு வந்தன. 'ஜெர்மானியரின் நேரந்தவறாமை' என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது நம்ப முடியாத செய்தி. அரசு அலுவலகங்களில் இன்னும் பேக்ஸ் இயந்திரம் ஓடுவதை அந்நாட்டு மக்களே கேலி செய்கிறார்கள்.

பணமில்லாத நாடா அது? இல்லை. 2009ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே கடனுக்குக் கடிவாளம் போட்டார்கள். நடுவண் அரசு புதிதாக வாங்கும் கடன், சாதாரண காலத்தில் நாட்டு வருமானத்தில் 0.35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கடனுக்கு அஞ்சும் குடும்பத்தைப் பார்த்து நாம் மெச்சுவோம். ஆனால் வட்டி ஏறக்குறைய இல்லாதிருந்த காலத்தில், வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே, 'நாங்கள் கடன் வாங்குவதில்லை' என்று பெருமை பேசுவது சிக்கனமா? 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நம் பழமொழி. ஜெர்மனி காற்று வீசிய பத்து ஆண்டுகளில் தூற்றவில்லை. காற்று நின்ற பிறகு, 2025ஆம் ஆண்டு மார்ச்சில்தான் சட்டத்தைத் திருத்தி, சாலை, ரயில், பாலம், பருவநிலைப் பணிகளுக்காக 50,000 கோடி யூரோ நிதிக்கு வழி திறந்தார்கள்.

கைகள் வேண்டும், மனிதர்கள்?

கடைசிச் சவால், ஆள் பற்றாக்குறை. போருக்குப்பின் பிறந்த பெருந்தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. ஓய்வு வயதை 2031ஆம் ஆண்டுக்குள் 67க்கு உயர்த்துகிறார்கள். தாதியர் இல்லை, மின்பணியாளர் இல்லை, பேருந்து ஓட்டுநர் இல்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'வாய்ப்பு அட்டை' என்ற விசாவைக் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டு, இந்தியத் திறனாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள்.

ஆனால் அதே நாட்டில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் தேர்தலில், குடியேறிகளை எதிர்க்கும் ஏ.எப்.டி. கட்சி 20 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஒரு கை வா என்கிறது. மறு கை போ என்கிறது.

இந்த முரண்பாடு அங்கே பழையது. 1955ஆம் ஆண்டு இத்தாலியோடும் 1961ஆம் ஆண்டு துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு 'விருந்தாளித் தொழிலாளர்'களை வரவழைத்தார்கள். 1964ஆம் ஆண்டு பத்து இலட்சமாவது தொழிலாளியாக ஒரு போர்த்துக்கீசியர் கொலோன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, பூச்செண்டும் மோட்டார் சைக்கிளும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விருந்தாளி என்றால் திரும்பிப் போகத்தானே வேண்டும்? அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை பெறும் வழி 2000ஆம் ஆண்டில்தான் திறந்தது. பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு பள்ளிக்கு அனுப்பும் முறையில், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கீழ்த்தட்டுப் பள்ளியிலேயே தேங்கினார்கள். நாம் மெச்சும் தொழிற்பயிற்சி முறைக்கு இப்படியொரு மறுபக்கமும் உண்டு.

இது நமக்குப் புரியாத வேதனை அன்று. ரப்பர்த் தோட்டத்துக்குக் கைகள் வேண்டும் என்று கங்காணி அழைத்து வந்த நம் பாட்டன் பூட்டன்மாரின் கதையும் இதுதானே? சிவப்பு அடையாள அட்டையோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இன்று பாயான் லெப்பாஸ் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் நேப்பாளியும் வங்காளதேசியும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்களா? மலேசியாவில் பிள்ளைப்பேறு மிகக் குறைந்த மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. ஜெர்மனி இன்று நிற்கும் இடத்துக்கு நாமும் நடந்துகொண்டிருக்கிறோம்.

நமக்கு என்ன பாடம்?

ஜெர்மன் முதலீடு இந்த வட்டாரத்தை விட்டு ஓடிவிடவில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் போஷ் பினாங்கில் புதிய சில்லுப் பரிசோதனை மையத்தைத் திறந்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் கூலிமில் இன்பினியனின் புதிய ஆலையைப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் முன்னிலையில் திறந்தார்கள். அதே நேரத்தில், ஆஸ்திரிய-ஜெர்மன் நிறுவனமான ஏ.எம்.எஸ். ஒஸ்ராம், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பின்வாங்கியதால் கூலிமில் கட்டிய புதிய ஆலையை என்ன செய்வது என்று 2024ஆம் ஆண்டு கையைப் பிசைந்தது. வரவும் உண்டு, ஏமாற்றமும் உண்டு.

இப்போது வரும் ஆலைகளில் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வந்த ஆலை, சுறுசுறுப்பான விரல்களைத் தேடியது. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த நம் பெண்கள் சீருடை அணிந்து, ஆலைப் பேருந்தில் ஏறி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்று வரும் ஆலை, பயின்ற கைகளைத் தேடுகிறது. இயந்திரத்தை இயக்குபவரைவிட, இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பவருக்கே அங்கே இடம்.

ஆகவே வீட்டில் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை இருந்தால், பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பயிற்சிக்குப் பின்னால் எந்த நிறுவனம் நிற்கிறது? பயிற்சியின்போது படி உண்டா? முடித்தபின் ஏறிப் போக அடுத்த படி எது? இந்த மூன்றுக்கும் பதில் இருக்கும் தொழிற்பயிற்சி, கடன் வாங்கிப் படித்து வேலையில்லாமல் உட்காரும் பட்டத்தைவிடத் தாழ்ந்தது அன்று. நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுதோறும் சிறப்புத் தேர்ச்சி பெற்ற மாணவர்களுக்குப் பரிசு கொடுக்கின்றன. அந்த மேடையில் தொழிற்பயிற்சி முடித்த ஒரு பிள்ளைக்கும் மாலை விழட்டும். காசு அதிகம் செலவாகாது. ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் நூறு பெற்றோரின் எண்ணம் மாறும்.

ஜெர்மனி கற்றுக்கொடுக்கும் பாடம் இரண்டு. கையில் தொழில் உள்ளவன் இடிபாட்டிலிருந்தும் எழுவான் என்பது முதலாவது. எழுந்தவன், நன்றாக வாழும் காலத்தில் பாலத்தைப் பழுதுபார்க்க மறந்தால் மறுபடியும் தடுமாறுவான் என்பது இரண்டாவது. பினாங்கு இன்று நன்றாக வாழும் ஊர். காற்று இன்னும் வீசிக்கொண்டிருக்கிறது.